கருப்பையா வந்துபோன தடம்

புதிதாகத் திடீர் மரண விசாரணை அதிகாரிகளாக நியமனம் பெற்றிருக்கும் தம்பி தங்கைகளே, நீங்கள் ஏற்றிருப்பது ஒரு விசித்திரமான உத்தியோகம். வேறு வேலையில் பிந்திப் போனால் திட்டு விழும். நம் வேலையே பிந்திப் போவதுதான். எல்லாம் முடிந்த பிறகுதான் நமக்கு ஆள் அனுப்புவார்கள். நாம் போய்ச் சேரும்போது முக்கியமான சாட்சி பேச்சை நிறுத்தியிருப்பார். சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கியிருப்பார்கள்.

நான் கண்டிக்குப் பக்கம் திகனயில் துணிக்கடை வைத்திருந்தவன். தமிழும் சிங்களமும் பேசுவேன், பகல் முழுக்கக் கடையில் இருப்பேன், சொந்தமாக ஒரு பழைய வேன் இருந்தது. இவற்றில் எதைப் பார்த்து எனக்கு இந்தப் பதவியைக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. வேனைப் பார்த்துத்தான் என்பார் என் மனைவி. தோட்டத்து ஆட்கள் எனக்குக் ‘கொரனர் மொதலாளி’ என்று பேர் வைத்திருந்தார்கள். கடைக்கு வேட்டி, சாரம் வாங்க வருகிறவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இந்த வேலையில் உங்களுக்குப் பேய்கள் வரும். முனி வரும், காட்டேரி வரும், மோகினி வருவாள். சிங்களக் கிராமங்களுக்குப் போனால் மஹசோனா வருவார். தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள். பேய் என்று சொல்கிறவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. எதையோ கண்டிருப்பார், அதற்கு ஒரு பேர் வைத்திருப்பார். கண்டதை வாங்கிக்கொள்ளுங்கள், வைத்த பேரை அவரிடமே விட்டுவிடுங்கள். நீங்கள் பேரைக் கேட்டுச் சிரித்தால் அவர் வாயை மூடிக்கொள்வார். கண்டதும் அதோடு போய்விடும்.

தீராத மரணங்களும் என் கணக்கில் இருக்கின்றன. மகாவலி ஆற்றில் ஒதுங்கிய ஒருவர் யாரென்றே இன்றுவரை தெரியாது. நல்ல வெயிலில் பாதையோரம் உட்கார்ந்தபடியே இறந்துபோன ஒரு பெண்ணுக்கு என்ன நடந்தது என்பதும் தெரியாது. அதையெல்லாம் சொல்லி உங்களை இன்று சோர வைக்கப்போவதில்லை. இன்று ஜெயித்த கதையைச் சொல்கிறேன். கிழவன் பெருமையடிக்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமையடிக்கத்தான் போகிறேன்.

அணைக்கட்டு வருவதற்கு முந்திய காலம். திகனவுக்கு மேலே ஒரு கொக்கோத் தோட்டம் இருந்தது. அங்கே வேலை செய்த கருப்பையா ஒரு நாள் காலையில் இறந்துபோனதாக ஆள் வந்தது. ஒரு காலத்தில் மரம் சரிந்து விழுந்ததில் அவருக்கு வலது கால் செத்துப்போயிருந்தது. அதை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். அவர் லயத்து வரிசைவீடுகளுக்குத் திரும்பி வருவதைப் பார்க்கத் தேவையில்லை, சத்தத்திலேயே தெரியும் என்பார்கள். கட்டிலில் ஏறி இறங்குவது சிரமம் என்று, தன் ஒற்றையறைக் காம்பராவின் உள்சுவரோரமாகத் தரையில் பாய் போட்டுத்தான் படுப்பார்.

அன்று விடியும் நேரத்தில் வயிறு வலிக்கிறது என்று எழுப்பியிருக்கிறார். மனைவி பவுனம்மா தேத்தண்ணி வைத்துக்கொண்டு வருவதற்குள் கண் இமையைத் தூக்க முடியவில்லை. நாக்குத் தடித்துப் பேச்சுக் குழறியது. பிறகு மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றுவிட்டது. நான் போய்ப் பார்த்தேன். உடம்பில் காயமில்லை, வீக்கமில்லை, நுரையில்லை. தூங்குகிற ஆள் மாதிரி இருந்தார்.

கருப்பையாவின் தங்கை அங்கம்மா அடுத்த காம்பராவில் இருந்தவர். அண்ணனின் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

“மதினிதான் மொதலாளி என்னமோ வச்சுக் குடுத்துருச்சு. இந்தியாவுக்குப் போகணும், போகணும்னு ஒத்தக் கால்ல நின்னுச்சு. அண்ணன் வரமாட்டேன்னாரு. தெனமும் சண்ட. இப்ப தடை நீங்கிருச்சுல்ல!”

அது இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்கள் இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். பவுனம்மாவின் பிறந்த வீட்டார் எல்லோரும் போக எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சண்டை லயத்துக்கே தெரிந்த விஷயம். பவுனம்மாவிடம் கேட்டேன். சண்டை உண்மை, மற்றது பொய் என்றார். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

பிரேத பரிசோதனை செய்த டொக்டருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. குடலை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பினார். அந்தப் பதில் ஆடி அசைந்து எப்போது வருமோ யாருக்கும் தெரியாது. பொலிஸ் சார்ஜன் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். மாரடைப்பு என்று எழுதினால் எல்லோருக்கும் நிம்மதி, நீங்களும் கடையைப் பார்க்கலாம் என்றார். தோட்டத்து அலுவலகமும் அதையேதான் விரும்பியது. எனக்கு உள்ளுக்குள் பாம்பாக இருக்குமோ என்று ஒரு எண்ணம் ஓடியது. கட்டுவிரியன் கடித்தால் வலிக்காது, வீங்காது, பல் பட்ட இடமும் தெரியாது என்று வேறொரு மரணத்தின்போது ஒரு டொக்டர் சொல்லியிருந்தார். ஆனால் கடிவாய் இல்லை, பாம்பைக் கண்டவர் இல்லை. மனதில் ஓடுவதையெல்லாம் தீர்ப்பில் எழுத முடியுமா? மரணக் காரணம் இன்னும் தெரியவில்லை, விசாரணை தொடரும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தெரியாது என்று எழுத உங்கள் கை கூசக் கூடாது. ஆனால் அதற்கும் ஒருவர் விலை கொடுப்பார் என்பதை மறக்கவும் கூடாது. ‘தெரியவில்லை’ என்று நான் எழுதியது, ‘கொரனர் மொதலாளிக்கே சந்தேகம்’ என்று லயமெல்லாம் பரவிவிட்டது. பவுனம்மாவோடு பேசுவதை நிறுத்தினார்கள். குழாயடியில் அவர் வந்தால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். எனக்கு இதெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் மூலமாகக் காதில் விழுந்துகொண்டே இருந்தது. மாரடைப்பு என்று எழுதித் தொலைத்திருக்கலாமோ என்று ஓரிரு தடவை நானும் நினைத்தேன். எழுதாமல் விட்டது எவ்வளவு நல்லது என்பது பிறகுதான் தெரிந்தது.

கருமாதி நாள் காலை. கடை திறந்து துணி அளந்துகொண்டிருந்தேன். அங்கம்மாவின் புருஷன் சுப்பையா வாசலில் வந்து நின்றார். முகத்தில் ஒரு பெரிய வேலையை முடித்துவிட்ட திருப்தி.

“மொதலாளி, இனிமே நீங்க வெசாரிக்க வேண்டியதில்லீங்க. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

“ஏன்?”

“மச்சானே ராத்திரி வந்து சொல்லிட்டாருங்க.”

இவ்வளவு தெளிவான சாட்சியம் எனக்கு அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பின்பும் கிடைத்ததில்லை. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, உட்காரச் சொல்லி, என்ன கண்டீர்கள் என்று கேட்டேன்.

அந்த லயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. உயிர் பிரிந்த இடத்தில் விளக்கேற்றி, பக்கத்தில் படி நிறைய அரிசியும் செம்பில் தண்ணீரும் வைப்பார்கள். கருமாதிக்கு முந்திய இரவு இறந்தவருக்குப் பிடித்த சாப்பாட்டைப் படைத்து, சுற்றிலும் சலித்த சாம்பலைத் தூவிவிடுவார்கள். விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ள மனைவி பக்கத்திலேயே பாய் போட்டுப் படுக்க வேண்டும். இறந்தவர் வந்து சாப்பிட்டுப் போனால் விடிந்ததும் சாம்பலில் தடம் தெரியும்.

“தெரிஞ்சுதா?” என்றேன்.

“தெரிஞ்சுதாவா? மச்சான் காலை இழுத்துட்டு வந்த கோடு அப்படியே கெடக்குங்க! சொவத்துல இருந்து வந்து, சோத்துகிட்ட போயி, நேரா பவுனம்மா அக்கா பாய்க்குப் போயிருக்காரு. கருவாட்டைக் கொஞ்சம் தின்னுருக்காரு. அக்கா நாக்கைக் கட்டிப்புட்டாரு. விடிஞ்சதுல இருந்து பேச்சே இல்ல. கோடாங்கி வந்துட்டாரு. உச்சி வெயிலுக்குள்ள அக்கா ஒத்துக்கும்னு அங்கம்மா சொல்லுது.”

“கண்ணைத் திறக்குதா?”

“எப்படித் தொறக்கும்? தொறந்தா எதிர்க்க மச்சான்ல நிக்கிறாரு!”

கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு வேன் சாவியை எடுத்தேன். உள்ளேயிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தார்.

“எங்க போற? மையத்தா, பொணம் பாக்கவா?”

“இன்னம் இல்ல,” என்றேன்.

காம்பராவுக்குள் ஏழெட்டுப் பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். வாசலில் அதைவிட அதிகம். பவுனம்மாவைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். தலை ஒரு பக்கம் தொங்கியது. இமைகள் பாதி மூடியபடி. வாயோரம் எச்சில் வழிந்தது. நெற்றி நிறைய விபூதி. எதிரில் கோடாங்கி உடுக்கையோடு உட்கார்ந்திருந்தார். வேறொரு தோட்டத்திலிருந்து அழைத்து வரப்பட்ட வயதான மனிதர்.

சாம்பலைக் குனிந்து பார்த்தேன். கோடு இருந்தது. சுப்பையா பொய் சொல்லவில்லை. ஒரே கோடு, வழவழப்பாக, இலேசாக வளைந்து வளைந்து போயிருந்தது. அதைச் சுற்றிச் சின்னச் சின்ன எலிக்கால் தடங்களும் இருந்தன. அவற்றை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை, எலி இல்லாத லயம் ஏது?

“சுப்பையா, இது கருப்பையாவோட வலது கால். இடது கால் எங்க?”

“பேய்க்குக் கால் தரையில படாதுங்களே மொதலாளி.”

“அப்ப நல்ல காலை மட்டும் தூக்கிக்கிட்டு, வெளங்காத காலை ஊன்றி நடந்து வந்தாராக்கும்?”

சுப்பையா மறுபடியும் சாம்பலைக் குனிந்து பார்த்தார்.  பேய் வந்த வீட்டில் பயமில்லாமல் நின்ற நான், பேய் இல்லை என்று தெரிந்ததும் பயந்தேன். அரிசிக்கும் கருவாட்டுக்கும் எலி வந்திருக்கிறது. எலியைத் தேடி அது வந்திருக்கிறது. அந்தச் சுவரோரம்தான் கருப்பையா படுத்திருந்தார். அதே இடத்தில்தான் அவருடைய மனைவியையும் படுக்க வைத்திருக்கிறார்கள். நாங்கள் அத்தனை பேரும் வெறுங்காலோடு அதே அறையில் நின்றுகொண்டிருந்தோம்.

பவுனம்மாவின் கையைத் தூக்கி என் விரலை உள்ளங்கையில் வைத்தேன். காதருகே போய், “கேட்டா அமுக்கு,” என்றேன். விரலில் மெல்லிய ஓர் அழுத்தம் வந்தது.  விடிந்ததிலிருந்து தன்னைக் கொலைகாரி என்று சொன்னதையெல்லாம் இந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

இங்கேதான் கவனியுங்கள். பாம்பு என்று கத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும்? பாதிப் பேர் ஓடியிருப்பார்கள், மீதிப் பேர் தடியோடு அறையைப் புரட்டியிருப்பார்கள், அங்கம்மா நம்பியிருக்க மாட்டார். பாம்பா பேயா என்று வழக்காடிக்கொண்டிருக்க நேரமில்லை. அந்தப் பெண்ணின் மூச்சு கொஞ்சமாகத்தான் மிச்சமிருந்தது. சட்டப்படி பார்த்தால் உயிரோடிருக்கிற ஆள் மேல் எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. என் அதிகாரமெல்லாம் செத்த பிறகுதான்.

கோடாங்கியின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஒங்க தொழில்ல ஒரு கேள்வி கேக்கணும். பேய் பிடிச்ச ஒடம்பு எப்படி இருக்கும்?”

“வெறைச்சுக்கும் ஐயா. நாலு ஆம்பள புடிச்சாலும் நிக்காது.”

“இது?”

அவர் பவுனம்மாவின் கையைத் தூக்கி விட்டார். அது ஈரத்துணி மாதிரி விழுந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “இது தொவளுதுங்க. நானும் வந்ததுல இருந்து பாக்குறேன். ஒரு அசைவு இல்ல. எனக்கே யோசனையாத்தான் இருக்கு.”

“அப்ப அதச் சத்தமாச் சொல்லுங்க.”

அழைத்து வந்தவர்களின் முகத்துக்கு நேரே தன்னால் முடியாது என்று சொல்வது எந்தத் தொழில்காரருக்கும் லேசான காரியமில்லை. அந்த மனிதர் உடுக்கையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். “இது நம்ம கட்டுல அடங்குற சங்கதி இல்ல. மொதலாளி சொல்றபடி செய்யுங்க,” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை.

ஆனால் வாசலில் அங்கம்மா கையை விரித்து நின்றுவிட்டார்.

“மதினி ஒத்துக்காம இந்தப் படியை எறங்கக் கூடாது! அண்ணன் வந்து சாட்சி சொல்லிட்டுப் போயிருக்காரு!”

“சரி அங்கம்மா, ஒங்க அண்ணன் சாட்சி சொல்ல வந்தாருன்னே வச்சுக்குவோம். அந்தச் சாட்சியை வாங்குற அதிகாரம் இந்த ஊர்ல யாருக்கு இருக்கு? ஒங்களுக்கா, எனக்கா?”

அவர் விரித்த கையை எடுக்கவில்லை.

“வெசாரணை இன்னும் முடியல்ல. பவுனம்மா என்னோட சாட்சி. சாட்சிக்குப் பேச்சு வரல்ல, அதனால பேச்சு வர வைக்கிற எடத்துக்கு நான் கொண்டு போறேன். இவங்க வாய் தொறக்காமலே போயிட்டா, ஒங்க அண்ணன் எப்படிச் செத்தாருன்னு ஒலகத்துல சொல்றதுக்கு ஆளே இல்ல. ஒங்களுக்கு நியாயம் வேணுமா, வேணாமா?”

அங்கம்மா கெட்டவர் இல்லை. அண்ணனை இழந்தவர், யார் மேலாவது கோபப்பட்டால்தான் அவரால் நிற்க முடிந்தது. நியாயம் என்ற வார்த்தை கேட்டதும் கை தாழ்ந்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

“நானும் வருவேன். பேச்சு வந்ததும் மதினி மொதல்ல சொல்றதை நான் கேக்கணும்.”

“தாராளமா வாங்க.”

எல்லோரையும் வெளியேற்றிக் கதவைச் சாத்தி, உள்ளேயிருப்பது சாட்சியம், யாரும் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன். சுப்பையாவின் காதில் மட்டும் உண்மையைச் சொல்லிக் காவலுக்கு நிறுத்தினேன். அவர் கதவிலிருந்து நன்றாகத் தள்ளி நின்றுகொண்டுதான் காவல் காத்தார்.

வேனுக்குள் முந்திய நாள் கொண்டுவந்த சாரக் கட்டுகள் இருந்தன. இறக்க நேரமில்லை. அவற்றின் மேலேயே பவுனம்மாவைக் கிடத்தினோம். கோடாங்கியும் ஏறிக்கொண்டார். அங்கம்மா பவுனம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வாயருகே காதை வைத்தபடி வந்தார். ஒரு வார்த்தையும் தவறிவிடக் கூடாதாம். நான் பிஸ்மில்லாஹ் சொல்லி வண்டியை எடுத்தேன்.

வாயருகே காதை வைத்திருந்ததால்தான் மூச்சு குறைவதை அங்கம்மா முதலில் கண்டுகொண்டார். குண்டசாலையைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“மொதலாளி, மூச்சு சின்னதாகுதுங்க.”

நான் வேகத்தைக் கூட்டினேன்.  தென்னக்கும்புரப் பாலத்தில் ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் அகப்பட்டுக்கொண்டோம். அப்போது அங்கம்மா போட்ட சத்தத்தில் வண்டிக்காரர் மாட்டை ஓரத்துக்கு இழுத்துவிட்டார். சத்தம் அவருக்குப் போட்டது இல்லை.

“மதினி, மூச்சு விடு! ஒண்ணும் சொல்ல வேணாம் மதினி! மூச்ச மட்டும் விடு!”

கண்டிப் பெரியாஸ்பத்திரியில் என்னைத் தெரியாத சிற்றூழியர் கிடையாது. என் வேனைக் கண்டதும் ஒருவர் ஓடி வந்து, வழக்கம்போலக் கையைக் காட்டினார். பிணவறை அந்தப் பக்கம் என்று.

“இல்ல! இந்தப் பக்கம்! இது உயிர், உயிர்!” என்று கத்தினேன். எத்தனையோ வருடம் அந்த வாசலுக்குள் போய் வந்தவன் நான். உயிருள்ளவர்கள் பக்கம் வண்டியைத் திருப்பியது அன்றுதான். சொல்லும்போது இப்போதுகூட எனக்கு மயிர் சிலிர்க்கிறது.

இளம் பெண் டொக்டர் ஒருவர் ஓடி வந்தார். கட்டுவிரியனைச் சிங்களத்தில் சொல்வதுபோல ‘கரவலா’ என்றேன். இமையைத் தூக்கிப் பார்த்தார், தாடையைப் பார்த்தார், அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தொண்டைக்குள் குழாயை விட்டு, அதன் முனையில் ஒரு ரப்பர்ப் பையை மாட்டினார்கள். அதை அமுக்கினால் நெஞ்சுக்குள் காற்று போகும். விஷம் இறங்கும்வரை யாராவது அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் ஆள் போய்விடும். மூச்சு கொடுக்கும் இயந்திரம் வேறொரு நோயாளியிடம் இருந்தது. வார்டிலோ ஆள் பற்றாக்குறை. எப்படி அமுக்குவது என்று தாதி எங்களுக்குக் காட்டிக் கொடுத்தார்.

முதலில் கோடாங்கி அமுக்கினார். உடுக்கை அடித்துப் பழகிய கை, தாளம் கொஞ்சமும் பிசகவில்லை. தாதி பார்த்துவிட்டு, இவரை இங்கேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பிறகு நான். எனக்குத் துணி கிழித்துப் பழகிய கை, நிதானம் போதவில்லை. பிறகு அங்கம்மா. அவர் கைக்குப் பை போனதும் திருப்பித் தரவே மாட்டேன் என்றுவிட்டார். தாதிமார் மாறினார்கள், நாங்கள் மாறி மாறித் தேத்தண்ணி குடித்தோம், அங்கம்மா கெஞ்சிக் கேட்டால்தான் இடம் விட்டுக் கொடுத்தார். அமுக்கும்போது அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் வெளிச்சம் வந்த பிறகு பவுனம்மாவின் இமை அசைந்தது. பிறகு விரல். பிறகு தானாக ஒரு மூச்சு, அதைத் தொடர்ந்து இன்னொன்று. டொக்டர் பையை நிறுத்தச் சொன்னார். அங்கம்மா நிறுத்தப் பயந்தார். “நிப்பாட்டுங்கம்மா, இனி அவங்களே பாத்துக்குவாங்க,” என்று கோடாங்கிதான் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். பவுனம்மாவின் நெஞ்சு தானாக ஏறி இறங்குவதைப் பார்த்து அங்கம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். அல்ஹம்துலில்லாஹ் என்று நானும் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

நேராகத் தோட்டத்துக்குப் போனேன். சார்ஜனையும் கூட்டிக்கொண்டேன். சுவரோரம் ஒரு கல்லைப் பெயர்த்ததும் எலிவளை தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தோண்டியதும் கறுப்பாக, மெல்லிய வெள்ளை வளையங்களோடு அது சுருண்டு கிடந்தது. சுப்பையா அதைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டும். முந்திய நாள் காலையில் மச்சான் என்று கும்பிட்டதல்லவா! சார்ஜன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மாரடைப்பைப் பற்றி அதன் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. கொழும்பிலிருந்தும் ஒருவழியாகப் பதில் வந்தது. குடலில் எந்த நஞ்சும் இல்லை.

பவுனம்மா தேறி வந்த பிறகு, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கதிரை மேசை போட்டு விசாரணையைத் தொடர்ந்தேன். லயம் முழுக்க வந்திருந்தது. சார்ஜன் என் பக்கத்தில். அங்கம்மா முன்வரிசையில் தரையில். நான் எழுத வேண்டியது எனக்கு ஏற்கெனவே தெரியும். ஆனாலும் பவுனம்மா எல்லோருக்கும் முன்னால் பேச வேண்டும் என்று நினைத்தேன். அவர் பேர் கெட்டதும் எல்லோருக்கும் முன்னால்தானே.

“ஒங்க புருஷன் எப்படி எறந்தாருன்னு ஒங்களுக்கு ஏதும் தெரியுமா?” என்று முறைப்படி கேட்டேன்.

“முன்னாடி கேட்டப்ப தெரியாதுன்னேன் மொதலாளி. இப்பத் தெரியும்.”

இந்த வேலையில் இறந்தவரின் பக்கத்திலிருந்தவர்களைத்தான் நாம் விசாரிக்கிறோம். போகிற வழியில் பாதி தூரம் போய்த் திரும்பி வந்த ஒருவரை நான் விசாரித்தது அந்த ஒரு தடவைதான். அவர் நிதானமாகச் சொன்னார்.

“மொதல்ல வயிறு வலிக்கும். அப்புறம் கண்ணு கனமாயிரும். நாக்கு அசையாது. வலி போயிரும். பயமும் கொஞ்சம் கொஞ்சமாப் போயிரும். ஆனா காது கேக்கும் மொதலாளி. எனக்கு எல்லாம் கேட்டுச்சு. உடுக்கை கேட்டுச்சு. நீங்க எடது காலு எங்கன்னு கேட்டது கேட்டுச்சு. வேனுக்குள்ள அங்கம்மா என்னைக் கூப்புட்டது கேட்டுச்சு.”

அங்கம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

“அன்னைக்கு அவரு தலையை மடியில வச்சுக்கிட்டு நான் சொன்னேன். சரிங்க, நான் இந்தியாவுக்குப் போகல்ல, நீங்க எங்க இருக்கீங்களோ அங்கயே இருக்கேன், கண்ணத் தொறங்கன்னு சொன்னேன். பதில் இல்ல. கேக்காமலே போயிட்டாருன்னு நெனச்சுத்தான் மொதலாளி நான் இத்தன நாளும் அழுதேன். இப்பத் தெரியுது. அவருக்குக் கேட்டிருக்கும்.”

 என் பேனா எழுதாமல் நின்றது. அங்கம்மா தரையிலிருந்து எழுந்தார்.

“மொதலாளி, என் பேரையும் எழுதுங்க. மதினி மேல ஒரு குத்தமும் இல்லன்னு செத்தவரோட தங்கச்சி சொல்லுதுன்னு எழுதுங்க. கொட்ட எழுத்துல எழுதுங்க.”

அது தீர்ப்பில் சேர வேண்டிய விஷயமே இல்லை. எழுதினேன். பிறகு எழுந்து நின்று, கருப்பையாவின் மரணம் கட்டுவிரியன் கடித்ததால் நேர்ந்தது என்று தமிழிலும் சிங்களத்திலும் உரக்க வாசித்தேன். அவர் யாரையும் பழிவாங்க வரவில்லை என்று எழுதாத ஒரு வரியையும் சேர்த்து வாசித்தேன். யார் கேட்கப்போகிறார்கள்?

வேனில் கிடந்த சாரக் கட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. சாகக் கிடந்தவர் பட்ட துணியை யாரும் தொட மாட்டார்கள், எல்லாம் நட்டம் என்று என் மனைவி கவலைப்பட்டார். ஆனால் செத்துப் பிழைத்தவர் படுத்த துணி வேண்டும் என்று தோட்டம் தோட்டமாக ஆள் வந்து கேட்டார்கள். அந்தச் சாரங்கள் தீர்ந்த பிறகும் கேட்டார்கள். தீர்ந்துவிட்டது என்று உண்மையைச் சொல்லித்தான் அனுப்பினேன், நம்பினால் நம்புங்கள்.

இனி உங்கள் முறை. பெரும்பாலும் நீங்களும் என்னைப் போலப் பிந்தித்தான் போவீர்கள். அதற்காக மனம் தளர வேண்டாம். என்றைக்காவது ஒரு நாள் நேரத்தோடு போய்ச் சேர நேரலாம். அன்றைக்கு உங்கள் அதிகாரத்தின் எல்லை எங்கே முடிகிறது என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நிற்காதீர்கள். ஆளைத் தூக்கி வண்டியில் போடுங்கள்.

அன்று நான் தீர்ப்பை வாசித்து முடித்ததும் பள்ளிக்கூடத்தில் யாரோ கை தட்டினார்கள். மரண விசாரணையில் கை தட்டி நான் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தேன், சார்ஜன். பிறகு லயமே தட்டியது. பவுனம்மா யாரையும் பார்க்காமல் அங்கம்மாவிடம் போய், “வா, வீட்டுக்குப் போவோம்,” என்றார். இரண்டு பேரும் கூட்டத்தின் நடுவே கையைக் கோத்துக்கொண்டு நடந்து போனார்கள்.